படம் கொடுத்து வாங்கிய காணி

உறுதி எழுதுகிற நொத்தாரிசுகளாகச் சத்தியம் எடுத்த கையோடு போன கிழமை வீட்டுக்கு வந்தீர்கள் மூன்று பேர். மூன்று பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள்: "மெடம், நீங்க எழுதினதிலயே ஆகக் கஷ்டமான காணி உறுதி எது?" உங்கள் முகத்தைப் பார்த்தால் கள்ளப் பத்திரம், ஆள்மாறாட்டம், வருடக்கணக்காக இழுபட்ட வழக்கு என்று எதையோ எதிர்பார்த்தது தெரிந்தது. அதெல்லாம் ஒரு கஷ்டமுமில்லை பிள்ளைகளே. கள்ளன் வந்தால் கதவைக் காட்டலாம். நல்ல மனிதர் இரண்டு பேர் எதிரெதிரே இருந்து, இரண்டு பேரும் உண்மையையே சொன்னால்தான் தலை சுற்றும். அன்று தேத்தண்ணியோடு உங்களைச் சமாளித்து அனுப்பிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். நான் செய்தது சரியா பிழையா என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கே இன்னும் விளங்கவில்லை.

சித்தாண்டியில் புவனா ரீச்சர் என்று ஒருவர். பாலர் பாடசாலையில் படிப்பித்தார் என்றாலும் சாப்பாடு போட்டது படம் கீறுகிற தொழில்தான். பாசிக்குடா ஹோட்டல் சுவர்களில் மீனும் கொக்கும் தோணியும் கீறுவார். கோயில் மதிலில் மயில், கடைப் பலகையில் கோழிக்கறி, எதற்கும் முகம் சுளிக்க மாட்டார். புருசன் எப்போதோ வேறு குடும்பம் பார்த்துப் போய்விட்டார். கோபிகா என்று ஒரே மகள். நோய்க்காலத்து ஊரடங்கில் ஹோட்டல்கள் மூடிக் கிடந்தபோது சுவர் வேலை அடியோடு நின்றுபோனது. வேறொருவர் என்றால் இடிந்துபோய் இருந்திருப்பார். இந்த மனுசி படத்தையே காசாக்கிவிட்டார்.

சீமெந்துக் கடை முதலாளிக்கு அவருடைய லொறியைக் கீறிக் கொடுத்துச் சீமெந்து எடுத்தார். பல் பிடுங்கின டொக்டருக்கு டொக்டரின் நாய். சலூன்காரருக்கு அவருடைய உருவம், ஆனால் தலையில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக முடி. அது அவரே கேட்டது. எனக்கும் ஒன்று கிடைத்தது. ஒரு சத்தியக்கடதாசி எழுதிக் கொடுத்தேன், கூலியாக என்னையே கீறிக்கொண்டு வந்தார். என் புருசன் அதைப் பார்த்துவிட்டு, "கோபம் நல்லா வந்திரிக்கி" என்றார். அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

அன்று நான், "ஐயோ ரீச்சர், இதெல்லாம் என்னத்துக்கு, அன்பளிப்பா?" என்று கேட்டேன். மனுசிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அன்பளிப்பு இல்ல மெடம். இது உங்கட காசு. பிடிக்காட்டிச் சொல்லுங்க, வேற கீறித் தாறன்" என்றார். ஆள் எப்படிப்பட்டவர் என்று அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

இனிக் காணிக்காரரிடம் வருவோம். பெயர் நல்லதம்பி, வாகரைப் பக்கத்து மீன்பிடிகாரர். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று மனைவியும் சின்ன மகளும் போய்விட்டார்கள். வீடு, அலுமாரி, அதிலிருந்த கலியாண அல்பம் எல்லாம் போனது. இரண்டு பேரினதும் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. வேறு பிள்ளையும் இல்லை, பிறகு கலியாணமும் கட்டவில்லை. தாய் வழியில் வந்த ஒரு துண்டு வளவுக் காணி மட்டும் சித்தாண்டியில் சும்மா கிடந்தது. படத்தைக் காசுக்குப் பதிலாகக் கொடுக்கிற ஒரு ரீச்சர் இருக்கிறா என்று யாரோ சொல்ல, பஸ் ஏறி வந்து சேர்ந்தார். "என்ட பொஞ்சாதியயும் மகளையும் கீறித் தாங்க, அந்த வளவை எழுதித் தாறன்" என்றார்.

நம்முடைய பகுதியில் பெண்பிள்ளைக்கு வளவும் வீடும் இல்லாமல் கலியாணப் பேச்சு நகராது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கோபிகாவுக்கு வயது வந்துகொண்டிருந்தது. ரீச்சர் சம்மதித்தார். அதோடு நிற்கவில்லை. உறுதி எழுதுமுன்னே, நல்லதம்பியரின் வாய்ச்சொல்லை நம்பி, அந்த வளவில் இரண்டு அறை வீடும் எழுப்பிவிட்டார். சீமெந்து படம், ஓடு படம், மேசன் கூலியில் பாதி படம். அடுத்தவர் காணியில் கல் வைக்காதே என்று எத்தனை பேருக்கு வாய் நோகச் சொல்லியிருக்கிறேன். சொல்லியும் வைப்பார்கள். மனுசன் வாக்குத் தந்துவிட்டான், இனி எழுத்து எதற்கு என்கிற ஆட்கள் நாங்கள்.

மனைவியின் படம் முதல் தரமே சரிவந்தது. நல்லதம்பியர் சொல்லச் சொல்ல ரீச்சர் கீறினார். முடிந்ததும் அவர் அதைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாராம். மகளின் படத்தில்தான் சிக்கல் தொடங்கியது. கீறிக் காட்டினால், "இது இல்ல" என்பார். கண் கொஞ்சம் பெரிசு என்பார். பெரிசாக்கினால் அப்படி இல்லை என்பார். இரண்டு வருடமாக இது நடந்தது. ஒவ்வொரு மாதமும் வருவார், வாசலில் கதிரை போட்டு இருப்பார்கள், மகளைப் பற்றிக் கதைப்பார்கள், ரீச்சர் கீறுவார், அவர் தலையாட்டிவிட்டுப் போவார்.

இதற்கிடையில் கோபிகாவுக்குக் குருக்கள்மடத்தில் சம்பந்தம் சரிவந்தது. பெடியன் நல்ல பெடியன். எழுத்துக்கு, அதுதான் கலியாணப் பதிவுக்கு, நாளும் குறித்தார்கள். எழுத்துக்கு முன்னர் உறுதி பெண்ணின் பெயரில் கையில் இருக்க வேண்டும் என்று மாப்பிள்ளை பகுதி சொல்லிவிட்டது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. வீடு இன்னொருவர் வளவில் நிற்கிறது என்று கேள்விப்பட்டால் யாருக்குத்தான் பயம் வராது? ஆக, நாளைக்கு எழுத்து என்றால் இன்றைக்கு என் அலுவலகத்தில் அத்தனை பேரும்: ரீச்சர், கோபிகா, நல்லதம்பியர், சாட்சிக்கு இரண்டு பேர், எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்க மாப்பிள்ளையின் தாய்மாமன்.

உறுதியைத் தயாரித்து வைத்திருந்தேன். முத்திரை வரிக்கு மதிப்பு, எல்லை, வரைபடம் எல்லாம் நீங்கள் படித்ததுதான், விடுவோம். வாசித்துக் காட்டி முடித்து, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"நல்லதம்பி அண்ணன், இந்தக் காணிக்குரிய விலை முழுதும் உங்களுக்குக் கிடைச்சிட்டா?"

இந்தக் கேள்விக்கு ஆட்கள் "ஓம்" என்று சொல்வது, பஸ்ஸில் இடம் இருக்கா என்று கேட்டதற்குச் சொல்வது மாதிரி இருக்கும். நல்லதம்பியர் ரீச்சரைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். நான் பேனையை மூடிவிட்டேன். பதில் பிந்தினால் பேனையை மூடு என்று, நான் தொழில் பழகிய இடத்தில் ஒரு பெரிய மனிதர் சொல்வார். காரணம் சொல்ல மாட்டார்.

"பொஞ்சாதிட படம் கிடைச்சிற்று மெடம்," என்றார் கடைசியில். "மகளுட படம் கிடைக்கல்ல."

ரீச்சருக்கு முகம் சிவந்தது. பையிலிருந்து ஒரு காகிதக் கட்டு எடுத்து மேசையில் வைத்தார். எல்லாம் ஒரு சின்னப் பெண்பிள்ளையின் படங்கள். "இவ்வளவும் கீறித் தந்திரிக்கன் அண்ணன். ஒண்டு பிழை எண்டா மற்றது கீறினன். இண்டைக்கு வந்து கிடைக்கல்ல எண்டு சொன்னா நான் என்ன செய்ய?"

தாய்மாமன் சும்மா இருந்தாரா? கட்டைப் பிரித்து, சீட்டு விளையாட்டுக்குப் பரப்புவது போல மேசை முழுக்கப் பரப்பினார். "இஞ்ச பாருங்க ஐயா, இதில கிட்டத்தட்ட எது? ஒண்டை எடுங்களன். அலுவல் முடியட்டும்."

நல்லதம்பியர் எழுந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரிக்கிற பிள்ளை, கோபித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை, முன்பல் இல்லாத பிள்ளை, இரட்டைப் பின்னல், அவிழ்ந்த முடி. பார்த்த படத்தைக் கவிழ்த்து வைத்தார், அடுத்ததையும் கவிழ்த்து வைத்தார். எல்லாம் கவிழ்ந்த பிறகு சொன்னார்:

"ரீச்சர் முதல் படம் கொண்டு வரக்குள்ள எனக்கு மகளுட முகம் தெரிஞ்சிது. அதாலதான் இது இல்ல எண்டு சொன்னன். இப்ப கண்ண மூடினா ரீச்சர் கீறின புள்ளைகள்தான் வருதுகள். என்ட புள்ள வருதில்ல மெடம். எங்க தேடியும் வருதில்ல."

எனக்கு மூளை குழம்பியது, ஒளிக்காமல் சொல்கிறேன். விலை கொடுக்கப்பட்டதா இல்லையா என்று பார்ப்பது என் வேலை. இங்கே விலை கொடுக்க வந்தவர், காணிக்காரரிடம் கடைசியாக இருந்த ஒரே பொருளையும் அறியாமல் எடுத்துவிட்டார். இதில் யார் கடன்காரர், யார் கடன் கொடுத்தவர்? நான் படித்த எந்தச் சட்டத்தில் இது இருக்கிறது?

தடுமாறினால் நம்மவர்களுக்குக் கை தானாகவே சட்டத்தின் பக்கம் போகும். எனக்கும் போனது. "அண்ணன், விலை எண்டு எழுதாம நன்கொடை எண்டு எழுதுவமா? நன்கொடைக்கு விலை தேவையில்ல. நீங்க விரும்பிக் குடுக்கிறதா இருக்கும்," என்றேன். என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே சந்தோசம்.

"எழுதுங்க," என்றார் நல்லதம்பியர் உடனே. "அந்தப் புள்ளைக்குக் குடுக்கத்தானே நான் வந்த."

"அப்ப சரி!" என்று தாய்மாமன் தொடையில் தட்டினார்.

"நான் வாங்க மாட்டன்," என்றார் ரீச்சர்.

"ரீச்சர், யோசிச்சுக் கதையுங்க. நாளைக்கு எழுத்து."

"யோசிச்சுத்தான் மெடம் கதைக்கன். நான் படம் குடுத்துத்தான் பல்லுப் புடுங்கின, படம் குடுத்துத்தான் சீமெந்து எடுத்த. இதை நீங்க சும்மா குடுத்தது எண்டு எழுதினா, அவனவன் எனக்குத் தந்ததெல்லாம் பிச்சை எண்டுதான் வரும். நான் வேலை செஞ்சன். என்ட வேலைக்கு விலை இல்ல எண்டா அந்த வீட்டில என்ட புள்ள இரிக்கத் தேவையில்ல."

கோபிகா இப்போது தாயின் கையைப் பிடித்து, "அம்மா, என்னெண்டாலும் எழுதட்டுமே. உங்கட கால்ல விழுறன்," என்று அழத் தொடங்கினாள். தாய்மாமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவரையும் சாட்சிகளையும் எழுப்பி, முன்கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். நெருக்கடியில் நான் செய்த ஒரே தெளிவான காரியம் அதுதான். காணியில் பங்கில்லாத ஆளை அறையில் வைத்துக்கொண்டு யாரிடமும் உண்மை கேட்காதீர்கள். அதையாவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கதவைச் சாத்திவிட்டு ரீச்சரைக் கேட்டேன்: "நீங்க ரெண்டு பேரும் முதல்ல பேசிக்கொண்டது என்ன? கீறித் தாறதா, சரியாக் கீறித் தாறதா?"

ரீச்சர் பதில் சொல்ல வாயெடுத்தார். நல்லதம்பியரைப் பார்த்தார். அவர் கவிழ்த்து வைத்த படங்களின் மேல் உள்ளங்கையை வைத்தபடி, சாளரத்துக்கு வெளியே வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரீச்சரின் கோபம் இறங்கிப்போனதை நான் கண்ணால் கண்டேன். அவர் படங்களைச் சேர்த்து அடுக்கத் தொடங்கினார்.

"மெடம், எழுத வேணாம்," என்றார். "நான் குடுத்ததிலும் பார்க்க எடுத்ததுதான் கூட. எழும்பு புள்ள, போவம்."

அந்த வார்த்தையோடு வீடு போகிறது, கலியாணம் போகிறது. அது அவருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். கோபிகா கதிரையை விட்டு எழும்பவில்லை. போங்கள் என்றும் சொல்ல முடியவில்லை, இருங்கள் என்றும் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடத் தொழிலில் அப்படி ஒரு நிலை எனக்கு வந்ததில்லை.

"இரிங்க ரீச்சர்," என்றார் நல்லதம்பியர். திரும்பாமலே சொன்னார். "மெடம், முதல்ல கேட்டதைத் திருப்பிக் கேளுங்க."

கேட்டேன். விலை முழுதும் கிடைத்துவிட்டதா?

"ஓம்."

நான் பேனையைத் திறக்கவில்லை. "அண்ணன், இரக்கத்தில சொன்னா எனக்கு அது வேணாம். என்ன கிடைச்சது எண்டு சொல்லுங்க."

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "கடல் வந்த பிறகு எல்லாரும் வந்தாங்க மெடம். அரிசி தந்தாங்க, வலை தந்தாங்க, வீடும் கட்டித் தந்தாங்க. என்ட புள்ளட மூக்கு எப்பிடி, நடக்கக்குள்ள காலை எப்பிடி வைப்பா, சாப்பாட்டில எது பிடிக்கும் எண்டு ஒருத்தரும் கேட்கல்ல. கேட்டா எனக்கு நோகும் எண்டு நினைச்சிருப்பாங்க. இந்த ரீச்சர் ரெண்டு வருசமா கேட்டா. நான் இது இல்ல எண்டு சொல்ல, அப்ப எப்பிடி எண்டு திரும்பக் கேட்டா. எனக்குப் படம் வரல்லதான். ஆனா என்ட புள்ளயப் பத்தி நான் கதைச்சது அந்த வாசல்லதான். அது போதும். கிடைச்சிற்று எண்டு எழுதுங்க."

ரீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

என்ன எழுதினேன் என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? பெறுமதியை வரிக்காகப் போட்டுவிட்டு, விலை என்கிற இடத்தில், கொள்வனவாளரின் தாய் வரைந்த படங்களும் அதற்காக அவர் செய்த வேலையும் முழு விலையாகக் காணிக்காரரால் ஒப்புக்கொள்ளப்பட்டன என்று எழுதினேன். காணிப் பதிவகத்திலிருந்து கிளாக்கர் அழைப்பெடுத்து, "மெடம், இது என்ன புதுசா இரிக்கி?" என்றார். "புதுசுதான், பதியுங்க," என்றேன். பதிந்தார். அதற்கு முன்னமே, கையொப்பம் வைத்த மறுநாள், எழுத்தும் நடந்துவிட்டது. தாய்மாமன் எனக்குப் பலகாரப் பெட்டி ஒன்று அனுப்பியிருந்தார்.

ஆனால் உறுதி எழுதிய அன்று எல்லோரும் போன பிறகு மேசையைப் பார்த்தால் படக்கட்டு அங்கேயே இருந்தது. ரீச்சருக்கு அழைப்பெடுத்தேன். "குடுத்த சாமானை நான் எப்பிடித் திருப்பி எடுக்க? அது அண்ணனுடையது," என்றார். நல்லதம்பியரைக் கேட்டேன். "வீட்டில வெச்சா நான் பார்ப்பன் மெடம். உங்களிட்ட இரிக்கட்டும்," என்றார். இப்படி, யாருடையது என்று சொல்ல முடியாத ஒரு சொத்துக்கு நான் காவல்காரியானேன். இளைப்பாறி அலுவலகத்தை மூடியபோது அலுமாரிகளைக்கூட விற்றேன். அந்தக் கட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வேறென்ன செய்வது?

ஒரு வருடம் போலக் கழித்து நல்லதம்பியர் வாசலில் வந்து நின்றார். ஆஸ்பத்திரிக்கு வந்தவர், அந்த வழியாகப் போனாராம். தயங்கித் தயங்கி, "அந்தப் படமெல்லாம் இரிக்கா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்து, முன்பல் இல்லாத பிள்ளையின் படத்தில் நிறுத்தி, "இவதான்" என்றார். எனக்குச் சந்தோசம் பொங்கியது. கொண்டு போங்கள் அண்ணன் என்றேன். வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்று போய்விட்டார்.

அடுத்த முறை வந்தார். அதே கட்டு. இந்த முறை இரட்டைப் பின்னல் பிள்ளை. "இவதான் மெடம், இப்ப நல்லா விளங்குது." நான் மற்றப் படங்களைச் சேர்த்துக் கட்டி வைத்தேன். அதற்கடுத்த முறை வேறொன்று. மறதியா, வயதா, அல்லது மகள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருந்ததுதான் இப்போது திரும்ப வருகிறதா? சொல்லலாமா, சொன்னால் என்னவாகும்? ரீச்சரிடம் கேட்டேன், அவர் அழுதுவிட்டார். என் புருசன், "உனக்கென்ன, தேத்தண்ணியக் குடுத்து அனுப்பு," என்றார். அவருக்கு எல்லாம் லேசு.

போன மாதமும் வந்தார். கண் முந்தியைவிட மங்கலாகிவிட்டது. கோபித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையின் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். வழக்கமாகத் தானே சொல்லிவிடுகிறவர், இந்த முறை என் பக்கம் நீட்டி, "மெடம், இவதானே?" என்று கேட்டார். அப்படிக் கேட்ட முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு உறுதியின் கீழும் இன்னாரை நான் நேரில் அறிவேன் என்று எழுதித்தான் நாம் கையொப்பம் வைக்கிறோம். அறியாத ஒருவருக்காக, என் தம்பியே வந்து கேட்டபோதும், நான் அப்படி எழுதியதில்லை. அந்தப் பிள்ளையை நான் ஒரு நாளும் கண்டதில்லை. அவள் பெயரைக்கூட இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"ஓம் அண்ணன், இவதான். எனக்குத் தெரியும்," என்றேன்.

அவர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, சீனி கொஞ்சம் கூடப் போட்டுத் தேத்தண்ணி தரச் சொன்னார்.